கைப்பிடிக் கம்பியை விட்டு நடுவே வந்தபோது

புதுச்சேரியில் பெரியவர்களுக்கான பாலே (ஐரோப்பியச் செவ்வியல் நடனம்) வகுப்பில் தொடக்க நிலையில் பயில்கிறேன். சுவரோரக் கம்பியைப் பிடித்துச் செய்யும் பயிற்சிகளை முடித்து, அறையின் நடுவே வந்து செய்யும் சென்டர் பயிற்சியில் நான் கண்டதை, புதிதாகச் சேர எண்ணும் கடலூர், புதுச்சேரி அன்பர்களுக்காகப் பகிர்கிறேன்.

சிறுவயதில் கடலூரில் பரதம் பயின்றவள் என்பதால், கம்பியை விடுவது எனக்கு எளிது என்றே ஆசிரியை எதிர்பார்த்தார். பரதத்தில் முதல் நாளே அரைமண்டியில், அதாவது முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்த அரை அமர்வில் நின்று, தரையைத் தட்டும் தட்டடவைத் தொடங்கிவிடுகிறோம். பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. ஆயினும் அரைமண்டியில் உடல் கீழ்நோக்கி நிலைகொள்கிறது, பாதம் முழுவதும் தரையைத் தட்டுகிறது. பாலேயிலோ, 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு நடன ஆசான் பியேர் பொஷான் வகுத்ததாகச் சொல்லப்படும் ஐந்து பாத நிலைகளில் கடைசி நிலையில், ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரல்களை ஒட்டி நிற்க, உடல் மேல்நோக்கி நிமிர்ந்தபடியே எடை ஒரு காலுக்கு மாற வேண்டும். கம்பியருகே அந்த எடையில் ஒரு பங்கைக் கை வாங்கிக்கொள்வது நமக்கே தெரிவதில்லை.

நடுவே முதலில் செய்தது தாந்த்யூ, அதாவது காலைத் தரையோடு தேய்த்து நீட்டுவது. நீட்டிய காலில் குறையே இல்லை. ஊன்றிய காலில்தான் எல்லாம் வெளிப்பட்டது. விரல்கள் மடங்கித் தரையைப் பற்றின, நகங்கள் வெளுத்தன, இடுப்பு ஒரு பக்கம் சரிந்தது. ஆசிரியை குனிந்து என் பாதத்தைத் தொட்டு, "பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி, குதிகால், இந்த மூன்றிலும் நில்லுங்கள், விரல்கள் நீண்டே இருக்கட்டும்" என்றார். அத்துடன், கம்பியின் துணையால் பாதங்களை வலிந்து வெளிப்புறம் திருப்பி நின்றவர்கள் எல்லோரையும் கோணத்தைக் குறைக்கச் சொன்னார். திருப்பம் தொடையின் மூட்டிலிருந்து வர வேண்டும். பாதத்தை மட்டும் திருப்பினால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும்.

என்னைப் பொறுத்தவரை, தொடக்கநிலையினருக்கு, எடையை ஒரு காலிலிருந்து மற்றதற்கு மாற்றும் தாம் லியேயை விடச் சிறந்த பயிற்சி இல்லை. ஐந்தாம் நிலையில் முழங்காலை மடித்து, முன்காலை நீட்டி, இரு முழங்கால்களும் மடிந்த நான்காம் நிலை (ஒரு பாதம் மற்றதற்கு முன்னே இடைவெளியுடன்) வழியாக எடையை முன்னே கொண்டுசென்று, முன்காலில் நிமிர்ந்து, பின்காலைக் கொண்டுவந்து சேர்க்கிறோம். பிறகு அதையே பக்கவாட்டில், பாதங்கள் பக்கவாட்டில் விலகிய இரண்டாம் நிலை வழியாகச் செய்கிறோம். கைகளும் தலையும் உடன் இயங்குவதால் வேகமாகக் கடந்துவிட முடியாது. எடை எந்த நொடியில் எந்தக் காலில் இருக்கிறது என்பது இதில்தான் எனக்குத் தெளிவாயிற்று. அதன்பின் மூன்று தாள வால்ஸ் இசைக்குப் பாலான்சே எனும், எடையை ஒரு காலிலிருந்து மற்றதற்கு மாற்றி அசையும் அடியைச் செய்தபோது தள்ளாட்டம் வெகுவாகக் குறைந்தது.

பிரூயெத் எனப்படும் சுழற்சியை இன்னும் முழுதாகத் தொடவில்லை. முழு வட்டத்தில் நான்கில் ஒரு பங்கு மட்டுமே திரும்புகிறோம். பார்வை ஒரு புள்ளியில் நிலைத்திருக்க, உடல் முதலில் திரும்பி, தலை கடைசியில் விரைந்து வர வேண்டும்.

வீட்டில் பழகுபவர்கள் தாந்த்யூ, தாம் லியே இரண்டையும் தாராளமாகச் செய்யலாம். குதிப்புகளை மட்டும் வகுப்பின் மரத்தளத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். நம் வீடுகளின் மொசைக், சிமெண்ட் தரைகள் சிறிதும் நெகிழாததால், அதிர்ச்சி முழுவதும் கணுக்காலுக்கும் முழங்காலுக்குமே போய்ச் சேரும்.