பெரியப்பாவுக்கு ஒரு ஸ்டேஷன்

தம்பி: (4 படங்கள்)
தம்பி: பெரியப்பா, இது உங்களுக்காகவே. ஸ்பெயின்–பிரான்ஸ் எல்லையில் கான்ஃபிராங்க் ஸ்டேஷன்.

அத்தை: அரண்மனை மாதிரி இருக்கே! பெரிய ஊராடா?

தம்பி: இல்லை அத்தை, சில நூறு பேர்தான். கட்டடம் மட்டும் 241 மீட்டர் நீளம். ஜன்னல் 365 என்கிறார்கள்.

அண்ணி: யார் துடைப்பார்களாம்? 😅

பெரியப்பா: ரெண்டு பக்கமும் பிளாட்ஃபார்ம் இருக்கிறதே. பக்கத்துக்கு ஒரு கேஜா?

தம்பி: அதேதான். கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம், பிரெஞ்சுப் பக்கம் 1,435 மி.மீ., ஸ்பெயின் பக்கம் 1,668. ரயில் அப்படியே தாண்டிப் போக முடியாது. அந்தக் காலத்தில் எல்லாரும் இறங்கி, உள்ளே சுங்கச் சோதனை முடித்து, அந்தப் பக்கம் ஏற வேண்டியிருந்தது.

பெரியப்பா: 1,668 என்றால் நம்ம பிராட் கேஜைவிட 8 மி.மீ.தான் குறைவு. மீட்டர் கேஜ் காலத்தில் ராத்திரி முழுக்க வேகனுக்கு வேகன் மூட்டை மாற்றுவோம். ஆளும் சரக்கும் மாறுகிற இடத்துக்கு இந்த நீளம் வேண்டும்தான். அந்த வளைந்த கூரை மட்டும் வெறும் ஜம்பம்.

தம்பி: ஜம்பம் காட்ட வேண்டியிருந்ததே! 1928 ஜூலை 18 அன்று ஸ்பெயின் ராஜா பதிமூன்றாம் அல்ஃபோன்சோவும் பிரெஞ்சு ஜனாதிபதி டூமெர்கும் சேர்ந்து திறந்தார்கள். கூரை ஸ்லேட் கல். சுவர் கல் மாதிரி தெரிந்தாலும் கான்கிரீட். மலையில் சுரங்கம் குடைந்த மண்ணைக் கொட்டித்தான் இந்த இடத்தையே சமன் செய்தார்களாம்.

அத்தை: அங்கிருந்து ரயிலில் பிரான்ஸ் போகலாமா?

தம்பி: 1970 மார்ச் வரை போக முடிந்தது அத்தை. அந்த மாதம் பிரெஞ்சுப் பக்கம் ஒரு சரக்கு ரயில் மேடு ஏற முடியாமல் பின்னால் உருண்டு, ஒரு பாலத்தையே சாய்த்துவிட்டது. அதைத் திரும்பக் கட்டவில்லை. இப்போது பஸ்தான்.

பெரியப்பா: வருமானம் இருந்தால் பாலத்தை உடனே கட்டியிருப்பார்கள். லைனை மூட ஒரு சாக்கு கிடைத்தது, அவ்வளவுதான்.

அண்ணி: கடைசிப் படத்தில் சோஃபாவெல்லாம் கிடக்கிறதே?

தம்பி: அது பழைய டிக்கெட் ஹால் அண்ணி. 2023இல் ஐந்து நட்சத்திர ஓட்டலாக்கிவிட்டார்கள், ரிசப்ஷன் அங்கேதான். ஸ்பெயினின் சரகோசா நகரத்திலிருந்து வருகிற ரயில் பின்னால் புதிதாகக் கட்டிய சின்ன ஸ்டேஷனில் நிற்கிறது.

அத்தை: ஒரு ராத்திரிக்கு எவ்வளவு?

தம்பி: வாடகை கேட்டேன். காபியோடு எழுந்து வந்துவிட்டேன்.

பெரியப்பா: சோஃபா இருக்கட்டும்டா. ரெண்டு கேஜும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிற இடம் எங்கேயாவது மிச்சம் இருக்கிறதா? இருந்தால் கிட்டப் போய் ஒரு படம் எடு.