மறு: 'கடவுரிமை'யா, 'வழியுரிமை'யா? வெள்ளிக்குள் முடிவு வேண்டும்

வணக்கம்.

பார்வையற்றோருக்கான அக்டோபர் 15 வெள்ளைப் பிரம்பு நாளின் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, சாலையில் ஒருவர் முதலில் போக மற்றவர் வழிவிட வேண்டும் என்கிற 'right of way'க்குத் தமிழில் என்ன என்று நாம் இன்னும் ஒரே சொல்லில் நிற்கிறோம்.

பினாங்கு ஐயா, உங்கள் 'கடவுரிமை'க்காகக் கட, கடவு, கடவை என்று தொடங்கிக் கடவுச்சீட்டு வழியாகக் கடவுள் வரைக்கும் போய்விட்டீர்கள். இலங்கையில் நடப்பவர் சாலையைக் கடக்கும் இடத்துக்கு மஞ்சள் கடவை என்பது தெருவிலேயே புழங்கும் சொல், அது சரி. ஆனால் நேற்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மசாஜ் செய்யும் பார்வையற்ற அண்ணன் ஒருவரிடம் நம் சொற்பட்டியலை வாசித்தேன். 'கடவுரிமை' என்றதும், "கடவுளுக்கு என்னம்மா உரிமை?" என்றார். கையேட்டைக் காதால் மட்டுமே படிக்கப்போகிறவர் அவர்.

ஈப்போ அக்காவின் 'முன்னுரிமை' எல்லோருக்கும் புரியும், அதுதான் எனக்குப் பயம். எல்.ஆர்.டி. ரயிலின் முன்னுரிமை இருக்கையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தினமும் பார்க்கிறோமே! 1930இல் அமெரிக்காவின் பியோரியா நகரம் விதி போட்டபோது தயவு கேட்கவில்லை; வெள்ளைப் பிரம்போடு வருபவருக்கே வழி என்றது.

தம்பி எடுத்துக்காட்டிய, மகாபாரத வனபருவத்தில் வரும் அட்டாவக்கிர முனிவர் பேச்சு என்னை இரவெல்லாம் பிடித்துக்கொண்டது. குருடருக்கு வழி, செவிடருக்கு வழி, பெண்களுக்கு, சுமை சுமப்பவருக்கு, அரசனுக்கு வழி. அந்தணர் எதிர்ப்பட்டால் அவருக்கே வழி. கடைசி வரியை மறைத்துவிட்டு மேற்கோள் காட்டக்கூடாது, அதில் நான் ஐயா பக்கம். ஆனால் பாருங்கள், அங்கே 'உரிமை' என்ற சொல்லே கிடையாது. வடமொழியில் ஆறாம் வேற்றுமை, தமிழில் வைத்தால் நம்முடைய 'கு' ஒன்றே போதுமாயிருக்கிறது.

'வழியுரிமை'க்கும் சிக்கல் உண்டு, நிலப் பத்திரத்து வழிநடை பாத்தியத்தோடு, அதாவது பிறர் நிலம் வழியாக நடந்துபோகும் உரிமையோடு, குழம்பும். அதைவிடப் பெரிய குறை, அது நடப்பவரைப் பற்றி மட்டும் பேசுகிறது. காது கேளாதவர் கையில் பிரம்பு இருக்காது, ஓட்டுநருக்கு எப்படித் தெரியும்? ஹாரன் அடித்தால் ஒதுங்குவார் என்று நினைப்பதில்தான் ஆபத்து. (பிரிட்டனில் கண், காது இரண்டும் இல்லாதவர் பிரம்பில் சிவப்புப் பட்டை இருக்கும்.) அதனால் 'வழிவிடு கடமை' என்று ஓட்டுநர் மேல் வைக்கலாம் என்றேன், மூன்று பேர்தான் ஒத்துக்கொண்டீர்கள்.

சரி, ஏழு பேர் கேட்டபடி 'வழியுரிமை' அச்சுக்குப் போகட்டும். அந்த அண்ணன் அதற்கும் சம்மதிக்கவில்லை. போன மாதம் பச்சை விளக்கின் பீப் சத்தம் கேட்டுக் காலை வைத்தாராம், இடப்பக்கம் திரும்பிய மோட்டார் ஒன்று பிரம்பு நுனியைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. "நின்னு வழி விடணும்னு எழுதுங்கம்மா" என்றார். அந்த வரியைக் கையேட்டின் அட்டையில் சேர்த்திருக்கிறேன்.