பிரின்ஸ் அன்றிரவு வந்திருக்க வேண்டும்

பழைய கேசட்:
'வீ ஆர் த வேர்ல்ட்' பாட்டு பதிவான இரவைச் சொல்லும் 'த கிரேட்டஸ்ட் நைட் இன் பாப்' ஆவணப்படம் பார்த்துவிட்டு, அமெரிக்க பாப் நட்சத்திரம் பிரின்ஸ் பற்றி நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: "பிரின்ஸ் மேதை, கூட்டத்தோடு கோவிந்தா போட வரமாட்டார்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 1985 ஜனவரி 28. எத்தியோப்பியாவில் பஞ்சத்தில் ஜனங்கள் சாகிறார்கள். அவர்களுக்கு நிதி திரட்ட, விருது விழா முடிந்த கையோடு நாற்பதுக்கும் மேற்பட்ட பாடகர்கள் ஸ்டுடியோவுக்கு வந்து விடிய விடிய அந்தப் பாட்டைப் பாடினார்கள். அகந்தையை வாசலிலேயே விட்டு வரச்சொல்லி பாட்டின் தயாரிப்பாளர் குவின்ஸி ஜோன்ஸ் எழுதி ஒட்டியிருந்தார். பிரின்ஸ் என்ன சொன்னார்? தனி அறையில் கிட்டார் வாசிக்கிறேன் என்றார். தனி அறை!

ஊதா ரசிகன்:
எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். வாசிக்கிறேன் என்றவரை வேண்டாம் என்றது பாட்டை எழுதியவர்களில் ஒருவரான லயனல் ரிச்சி. அதே ஆல்பத்துக்கு பிரின்ஸ் ஒரு முழுப் பாட்டே கொடுத்தார். அதை ஏன் மறைக்கிறீர்கள்?

பழைய கேசட்:
மறைக்கவில்லை. அதுவும் தனியாகப் பதிவு செய்ததுதானே? பாப் டிலன் அத்தனை பேர் நடுவில் பாட வராமல் தவித்தார். ஸ்டீவி வொண்டர் பியானோவில் உட்கார்ந்து டிலன் குரலிலேயே பாடிக்காட்டித் தேற்றினார். ஆனாலும் டிலன் ஓடவில்லை. உங்கள் ஆளுக்குத் தனி அறை.

தாளக்கட்டு:
பிரின்ஸோடு சேர்ந்து வாசித்த டிரம்மர் ஷீலா ஈ பட்ட அவமானத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை. பிரின்ஸை வரவழைக்கத்தான் தன்னைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவர் கிளம்பிவிட்டார். எனக்கு அதுதான் வலித்தது.

பழைய கேசட்:
அதற்கும் காரணம் பிரின்ஸ்தான். வந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு அந்த நிலை வந்திருக்காது. கடைசியில் பிரின்ஸுக்கு வைத்திருந்த வரியை ராக் பாடகர் ஹியூயி லூயிஸ் பாடினார்.

ஊதா ரசிகன்:
கண்ட்ரி பாடகர் வேலன் ஜென்னிங்ஸ் பாதியில் எழுந்து போனாரே, அவரை ஏன் விட்டுவிட்டீர்கள்?

மெட்டு மாமா:
அது சுவாஹிலி விவகாரம் தம்பி. கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலியில் ஒரு வரி வைக்கலாம் என்று ஸ்டீவி சொன்னார். எத்தியோப்பியாவில் சுவாஹிலி பேசுவதில்லை, அங்கே பரவலாகப் பேசுவது அம்ஹாரிக். அதற்குள் ஜென்னிங்ஸ் போய்விட்டார்.

தாளக்கட்டு:
மாமா, மொழி தெரியாத ஊருக்குப் பாடும்போது ஸ்டீவி அதையாவது யோசித்தாரே. அதைக் குறை சொல்வீர்களா?

மெட்டு மாமா:
நான் குறை சொல்லவே இல்லை. போன மாதம் மைக்கேல் ஜாக்சன் பற்றிப் பேசும்போதும் என் வாயில் வார்த்தையைத் திணித்தது நீங்கள்தான். மறக்கவில்லை.

பழைய கேசட்:
சுவாஹிலியை விடுங்கள். ஜென்னிங்ஸ் வந்து நின்றுவிட்டுப் போனார். பிரின்ஸ் வாசல்படியே மிதிக்கவில்லை.

ஊதா ரசிகன்:
கூச்ச சுபாவம் உள்ள மனிதர் தன் கிட்டார் வாசிப்பைக் கொடுக்க முன்வந்தார். அவருடைய 'பர்ப்பிள் ரெயின்' பாட்டின் கிட்டாரைக் கேட்ட காதுக்கு அதன் மதிப்பு தெரியும்.

பழைய கேசட்:
நானும் கேட்டவன்தான், கேசட் தேயும்வரை கேட்டவன். அதனால்தான் கோபம். எல்லோரும் நின்ற அறையிலேயே வாசித்திருக்கலாம்.

ஊதா ரசிகன்:
வேண்டாம் என்றது ரிச்சி. முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பழைய கேசட்:
தனி அறை என்று கேட்டதால் வேண்டாம் என்றார். அதையும் முதலிலேயே சொல்லிவிட்டேன்.