7100 என்று படம் போடுகிறவர்கள் 52ஐ ஏன் சொல்வதில்லை?

தறிவீடு:
எங்கள் குடியிருப்பில் காய்கறி வண்டிக்காரரிடம் இனி யாரும் கவர் கேட்கக் கூடாது, ஆளுக்கொரு மஞ்சப்பை எடுத்து வரவேண்டும் என்று பேசி முடித்தோம். மறுநாள் காலையில் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படத்தைப் போட்டார். "ஒரு பருத்திப் பையை 7100 தடவை பயன்படுத்தினால்தான் அது ஒரு பிளாஸ்டிக் கவருக்குச் சமம். டென்மார்க் அரசே சொல்லிவிட்டது. மஞ்சப்பை வெறும் ஏமாற்று." அவ்வளவுதான். பாதிப்பேர் பழையபடி கவரில் தக்காளி வாங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த ஆய்வு 2018ல் டென்மார்க் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்டது. அதில் சாதாரணப் பருத்திப் பைக்கு இரண்டு எண்கள் இருக்கின்றன. பருவநிலை மாற்றத்தை மட்டும் பார்த்தால் 52 தடவை. தண்ணீர், மண், நச்சு, ஓசோன் என்று எல்லாவற்றையும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, அதில் எது படுமோசமோ அதை மட்டும் எடுத்தால் 7100. அந்தப் படுமோசமான கணக்கு ஓசோன் படலம் பற்றியது. படம் போட்டவர் 52ஐ வெட்டிவிட்டார். வாரச்சந்தைக்கு வாரம் ஒருமுறை போகிறவருக்கு 52 தடவை என்பது ஒரு வருஷம். எங்கள் வீட்டில் அம்மா கல்யாணத் தாம்பூலப் பையை ஓரம் கிழிந்தால் தைத்து, காது அறுந்தால் வேறு காது வைத்து, கடைசியில் புளி கட்டி வைப்பார். அதற்கு ஒரு வருஷமெல்லாம் எம்மாத்திரம்!

மயிலைக் கணக்கர்:
அந்தப் படத்தைப் போட்டது நானில்லை. ஆனால் போட்டவர் சொன்னதில் பொய் என்ன? 7100 அந்த ஆய்வில் இருக்கிறதா இல்லையா? இருக்கிறது. உங்களுக்குப் பிடித்த 52ஐ மட்டும் எடுத்துக்கொண்டு ஓசோனை ஓரம் கட்டுவது எந்த ஊர் நியாயம்? இயற்கைப் பருத்தி என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்களே, அதற்கு அதே ஆய்வில் 20,000 தடவை. அதையும் சொல்லியிருக்கலாம்.

தறிவீடு:
சொல்கிறேனே. இயற்கைப் பருத்திக்கு 20,000. பருவநிலைக்கு மட்டும் 149. இரண்டையும் சொல்லிவிட்டேன். இனி நீங்கள் 7100 சொல்லும்போதெல்லாம் 52ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒயர்கூடை:
இதற்கு எதற்கு டென்மார்க்? கையில் ஒயர் கூடை இருந்தால் போதும். என் அத்தை பின்னிய கூடை இன்னும் உழைக்கிறது. பால், கீரை, தேங்காய் எல்லாம் அதில்தான்.

மயிலைக் கணக்கர்:
ஒயர் கூடையும் பிளாஸ்டிக்தான் ஐயா.

ஒயர்கூடை:
பிளாஸ்டிக்தான். தெருவில் பறக்காத பிளாஸ்டிக். உங்கள் கவர் என் வீட்டு முருங்கை மரத்தில் தொங்குகிறது.

தறிவீடு:
ஒயர்கூடை அண்ணா சொன்ன இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. டென்மார்க்கில் அந்தக் கவர் கடையிலிருந்து வீட்டுக்கு வருகிறது, குப்பைத்தொட்டிக்கு உறையாகிறது, பிறகு எரிஉலைக்குப் போய் மின்சாரமும் வெப்பமும் ஆகிறது. ஆய்வாளர்கள் அந்த வழியை வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். தெருவில் வீசப்படும் பையால் வரும் கேட்டை அவர்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவர்கள் நாட்டுக்கு அது சரி. நம் ஊரில் கவர் எங்கே போகிறது? சாக்கடைக்கு, கால்வாய்க்கு, பெருங்குடி, கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்கு, மாட்டின் வயிற்றுக்கு. 2019 அக்டோபரில் சென்னை கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக் எடுத்தார்கள். எடுத்து முடிக்க 5 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த 52 கிலோவுக்கு உங்கள் 7100ல் எந்த வரியில் இடம் இருக்கிறது?

மயிலைக் கணக்கர்:
மாட்டைக் கொண்டுவந்து கண்ணீர் வரவழைப்பது வாதம் ஆகாது. மாட்டைத் தெருவில் அவிழ்த்து விட்டவரை முதலில் கேளுங்கள். என் கேள்விக்குப் பதில் வரவில்லை. 7100 சரியா தவறா?

மளிகைக்காரர்:
நான் கடை வைத்திருப்பவன். உங்கள் எண் சண்டையில் எங்கள் நிலையையும் கொஞ்சம் கேளுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை 2019 ஜனவரி 1ல் வந்தது. அன்றிலிருந்து கவர் கொடுத்தால் எனக்குத்தான் அபராதம். கொடுக்காவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போகிறார். "ஒரு கவர்கூடத் தரமாட்டீர்களா" என்று முகத்தைச் சுளித்துவிட்டு, அரைக்கிலோ சர்க்கரையை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. கவர் தயாரிக்கும் இடத்தை விட்டுவிட்டு என் கல்லாப்பெட்டிக்குக் கீழே தேடினால் எப்படி? பிஸ்கட்டும் சிப்சும் ஷாம்புவும் பிளாஸ்டிக்கில்தான் கம்பெனியிலிருந்து வருகின்றன. அதை விற்பதை யாரும் கேட்பதில்லை, அதைப் போட்டுக்கொடுக்கும் கவர்தான் குற்றமாம்.

தறிவீடு:
உங்கள் வருத்தம் நியாயம். அதனால்தான் குடியிருப்புச் சங்கமாகச் சேர்ந்து, வாங்குகிறவர்கள் பக்கம் மாற்றம் செய்யப் பார்த்தோம். அதைக் கெடுத்தது இந்த 7100.

நொய்யல்கரை:
எல்லோரும் மஞ்சள், மஞ்சள் என்கிறீர்கள். அந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது? இன்று அச்சடித்து வரும் பைகளில் பெரும்பாலானவை ரசாயனச் சாயம். சாயக்கழிவு என்றால் என்னவென்று எங்களைக் கேளுங்கள். நொய்யல் ஆற்றில் பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி, கீழே இருந்த கிணறும் தென்னையும் போனது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. துணியைச் சாமி மாதிரி தூக்கி வைக்கும்போது எங்களுக்கு வயிறு எரிகிறது.

மயிலைக் கணக்கர்:
நன்றாகச் சொன்னீர்கள். இதைத்தான் 7100 சொல்கிறது. ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலக சராசரியாகச் சுமார் 10,000 லிட்டர் தண்ணீர். பருத்திக் காட்டில் தெளிக்கும் மருந்து தனி.

நொய்யல்கரை:
நான் உங்களுக்கு ஆதரவாகப் பேசவில்லை சார். என் வாயிலிருந்து உங்கள் 7100ஐ எடுக்காதீர்கள்.

தறிவீடு:
நொய்யல்கரை, உங்கள் கோபத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது. நானும் கொங்கு நாட்டுக்காரிதான். ஆனால் அந்தச் சாயம் போனது பனியனுக்கு, ஏற்றுமதிக்கு. அதைக் கொண்டுவந்து மஞ்சப்பை தலையில் கட்டாதீர்கள். சாயமே வேண்டாம் என்றால் காடாத் துணியில் தைக்கலாம். தறியிலிருந்து இறங்கிய துணி, வெளுக்காத நிறம், பருத்திக்கொட்டைத் தூள் அங்கங்கே கறுப்புப் புள்ளியாகத் தெரியும். இரண்டு தடவை அலசினால் பஞ்சு போல ஆகிவிடும், பிறகு லேசில் கிழியாது. எங்கள் சங்கத்துக்கு அதைத்தான் தைக்கக் கொடுத்தேன். தண்ணீர்க் கணக்குக்கு வருகிறேன். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கம் கரிசலில் விளைவது மானாவாரிப் பருத்தி. வானம் பார்த்த பூமிக்கு 10,000 லிட்டரை யார் இறைத்து ஊற்றினார்கள்?

மயிலைக் கணக்கர்:
கரிசல் பருத்தி கதைக்கு நன்றாக இருக்கும். தமிழ்நாட்டு நூற்பாலைகளுக்கு வரும் பஞ்சில் பெரும்பகுதி குஜராத், மகாராஷ்டிரா, தெலங்கானாவிலிருந்து வருகிறது. உங்கள் காடாத் துணி எந்தக் காட்டில் விளைந்தது என்று உங்களுக்கே தெரியுமா?

தறிவீடு:
என் அப்பா தறி ஓட்டிப் படிக்க வைத்த பிள்ளை நான். பஞ்சு எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். குஜராத்திலிருந்து வந்தால் என்ன? கவர் செய்யும் பிளாஸ்டிக் குருணை எங்கிருந்து வருகிறது, மயிலாப்பூர்த் தெப்பக்குளத்திலிருந்தா?

ஊட்டிக்காரன்:
எங்கள் மாவட்டத்தில் மாநிலத் தடைக்குப் பல வருஷம் முன்பே தடை வந்துவிட்டது. மலைக்கு வரும் வண்டிகளைச் சோதனைச் சாவடியில் நிறுத்தித் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்குவார்கள். 2022ல் டாஸ்மாக் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்று முதலில் இங்கேதான் தொடங்கினார்கள். காட்டில் யானை நடக்கும் வழியில் உடைந்த கண்ணாடி குறைந்தது. காசு கொடுத்தால் வேலை நடக்கும். கவருக்கும் அப்படி ஒரு வழி வைக்கலாமே.

மளிகைக்காரர்:
அந்தக் காலி பாட்டிலை வாங்கி வைக்கிறவர் கடை ஊழியர்தான். அவரைக் கேட்டுப் பாருங்கள், எங்கே அடுக்குவது என்று தெரியாமல் நிற்பார். எல்லாச் சுமையும் கடைக்காரன் தலையில்.

ஊட்டிக்காரன்:
யானைக் காலில் கண்ணாடி ஏறினால் பரவாயில்லையா அண்ணாச்சி?

மளிகைக்காரர்:
நான் அப்படிச் சொன்னேனா? யாருக்குப் பதில் எழுதுகிறோம் என்று படித்துவிட்டு எழுதுங்கள் தம்பி.

மயிலைக் கணக்கர்:
பாட்டிலுக்குப் போய்விட்டீர்கள். தறிவீடு அம்மா இன்னும் ஒரு விஷயத்துக்குப் பதில் சொல்லவில்லை. டென்மார்க் பிடிக்கவில்லை என்றால் இங்கிலாந்தைப் பாருங்கள். அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை 2011ல் வெளியிட்ட ஆய்வில், நம் கடைகளில் தருவது போன்ற மெல்லிய கவரோடு ஒப்பிட்டார்கள். பருத்திப் பைக்கு 131 தடவை. கவரை எல்லோரும் குப்பைத்தொட்டி உறையாக மறுபடி பயன்படுத்தினால் 327. இது பருவநிலைக் கணக்கு மட்டும். ஓசோன் இல்லை, மாடும் இல்லை. உங்கள் 52 போய் 327 ஆகிவிட்டது.

தறிவீடு:
7100லிருந்து 327க்கு இறங்கி வந்ததற்கு நன்றி.

மயிலைக் கணக்கர்:
நான் இறங்கவில்லை. 7100 அப்படியே நிற்கிறது.

தறிவீடு:
நிற்கட்டும். 327ஐயே எடுத்துக்கொள்கிறேன். வாரம் இரண்டு தடவை கடைக்குப் போனால் மூன்று வருஷம் சொச்சம். ஒழுங்காகத் தைத்த துணிப்பை மூன்று வருஷம் தாங்காது என்று எந்தத் தமிழ்ப் பெண் சொல்வாள்? இன்னொன்றும் சொல்கிறேன். வங்கதேசம் 2002ல் மெல்லிய பாலித்தீன் பையைத் தடை செய்தது. 1988லும் 1998லும் வந்த பெருவெள்ளத்தில் டாக்காவின் வடிகால்களைக் கவர்கள் அடைத்துக்கொண்டதைப் பார்த்துத்தான் செய்தார்கள். அவர்கள் ஓசோன் கணக்குப் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வருகிறவர்களுக்கு டாக்காவின் பாடம் கோபன்ஹேகன் பாடத்தைவிட நெருக்கம். எங்கள் தெருவில் மழைக்கு முன் சாக்கடை தூர்வாரும்போது வெளியே வந்து விழும் கறுப்புக் குவியலை ஒருநாள் வந்து பாருங்கள். சேற்றை விடக் கவர்தான் அதிகம். தூய்மைப் பணியாளர் கையால் இழுத்து எடுக்கிறார். அந்த மனிதரின் கை உங்கள் ஆய்வில் எந்தப் பத்தியில் வருகிறது?

மயிலைக் கணக்கர்:
மறுபடியும் உணர்ச்சி. போன வருஷம் விதைப்பந்து விவாதத்திலும் இப்படித்தான். நெடுஞ்சாலையோரம் வீசிய பந்துகளில் எத்தனை முளைத்தன என்று ஒரே கேள்விதான் கேட்டேன். அதற்கும் பதில் வரவில்லை. "இயற்கை விரோதி" என்ற பட்டம்தான் வந்தது.

தறிவீடு:
அந்தப் பட்டத்தை நான் கொடுக்கவில்லை. பழைய கணக்கை இங்கே தீர்க்காதீர்கள்.

ஒயர்கூடை:
கொடுத்தது நான்தான். இன்றும் அதையே சொல்வேன்.

நொய்யல்கரை:
விதைப்பந்தில் முளைத்தது குறைவு என்று நானும்தான் அன்று சொன்னேன். என்னை யாரும் விரோதி என்று சொல்லவில்லையே. சொல்கிற தொனியில் இருக்கிறது எல்லாம்.

மயிலைக் கணக்கர்:
தொனியை விடுங்கள். இன்று கல்யாணம், கிரகப்பிரவேசம், கட்சிக் கூட்டம், கடைத் திறப்பு எல்லாவற்றிலும் துணிப்பை கொடுக்கிறார்கள். என் வீட்டுப் பரணில் பெயர் அச்சடித்த பைகள் மட்டும் ஒரு மூட்டை கிடக்கிறது. ஒவ்வொன்றும் பருத்தி, ஒவ்வொன்றும் தண்ணீர். அத்தனையையும் 52 தடவை யார் தூக்குவது? ஒரு பையை நூறு தடவை தூக்குவதும் நூறு பையை ஒரு தடவை தூக்குவதும் ஒன்றா? நீங்கள் 52 என்று முழங்கும்போது இதைச் சொல்வதே இல்லை.

தறிவீடு:
உங்கள் பரணில் மூட்டை கிடப்பது பையின் குற்றமா? அந்த மூட்டையை எங்கள் சங்கத்துக்கு அனுப்புங்கள். கோயம்பேட்டில் 2022ல் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வைத்தார்கள், பை கொண்டுவர மறந்தவருக்காக. உங்கள் மூட்டையை வாசலில் ஒரு ஆணியில் மாட்டினால் எங்களுக்கு இயந்திரம்கூட வேண்டாம்.

மயிலைக் கணக்கர்:
அனுப்புவதா வேண்டாமா என்பது என் விருப்பம். கேள்விக்கு வாருங்கள். 7100 ஆய்வில் இருக்கிறதா, இல்லையா? ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் சொல்லுங்கள்.

தறிவீடு:
இருக்கிறது. 52 இருக்கிறதா, இல்லையா? நீங்களும் ஒரே சொல்லில்.

மயிலைக் கணக்கர்:
முழு ஆய்வின் முடிவு 7100.

தறிவீடு:
கேட்டது 52.

ஊட்டிக்காரன்:
இரண்டு பேருக்கும் ஒரு விஷயம். 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியபோது இங்கே மார்க்கெட்டில் எல்லாக் கடையிலும் பை தொங்கியது. இப்போது போய்ப் பாருங்கள், கேட்டால் 'நான்-ஓவன்' என்கிற நெய்யாத பையை எடுத்து நீட்டுகிறார்கள். துணி மாதிரி இருக்கிறது, அதுவும் பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்தான். நைந்தால் நூல் நூலாகப் பிரிந்து காற்றில் போகிறது. அதைப் பற்றி யாராவது பேசுங்கள்.

மளிகைக்காரர்:
அந்த 'நான்-ஓவன்' பையும் தடைப் பட்டியலில்தான் இருந்தது. அதற்கும் நான்தான் அபராதம் கட்டினேன். வாடிக்கையாளர் அதைத் துணிப்பை என்று நம்பிக் கேட்டு வாங்குகிறார். இதற்கு என்ன எண் வைத்திருக்கிறீர்கள் கணக்கர் ஐயா?

மயிலைக் கணக்கர்:
டென்மார்க் ஆய்வில் பாலிப்ரோப்பிலீன் பை துணியை விட எவ்வளவோ மேல் என்றுதான் வருகிறது. பருத்திக்கு 7100, அதற்குச் சில பத்துகள்தான்.

ஒயர்கூடை:
ஆரம்பித்துவிட்டார்.

தறிவீடு:
தைத்த, தடித்த பையைப் பற்றி அவர்கள் சொன்னதை, ஒரே மழையில் நைந்துபோகும் நம் ஊர்ப் பைக்கு ஒட்டவைக்கிறீர்கள். 7100ஐ ஒட்டவைத்தது போலவே. சனிக்கிழமை காலை எங்கள் வாசலுக்குக் காய்கறி வண்டி வரும். காடாத் துணிப் பைகள் தைத்து வந்துவிட்டன, வீட்டுக்கு இரண்டு. 7100 படம் போட்டவருக்கும் இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். வாங்கிக்கொள்ளவில்லை என்றால் அதையும் இங்கே வந்து எழுதுவேன்.

மயிலைக் கணக்கர்:
எழுதுங்கள். கீழே 7100 என்றும் சேர்த்து எழுதுங்கள்.