நியூகிரேஞ்சின் வெள்ளைச் சுவர்: நின்றதா, கிடந்ததா?

கரைமேட்டான் எழுதியது:
பயணப்பித்தன் இங்கே பதிந்த அயர்லாந்துப் பயணக் கட்டுரையில், நியூகிரேஞ்ச் என்ற கற்காலக் கல்லறை மேட்டின் படத்துக்குக் கீழே ‘5,200 ஆண்டுகளாக அசையாமல் நிற்கும் வெள்ளைச் சுவர்’ என்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. மேடு பழையது என்பதில் ஐயமில்லை. போயின் ஆற்று வளைவுக்கு மேலே கி.மு. 3200 அளவில் எழுப்பப்பட்டது. ஆனால் அந்தச் சுவருக்கு என் அக்காவைவிட வயது குறைவு. 1962 முதல் 1975 வரை அங்கே அகழாய்வு நடத்திய மைக்கேல் ஓகெல்லி, நுழைவாயிலின் முன்னே தரையில் கிடந்த வெங்கச்சங்கற்களை (குவார்ட்ஸ் என்னும் வெள்ளைக் கற்களை) எடுத்து, ஏறத்தாழ 3 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக அடுக்கச் செய்து, பின்னால் கம்பி கட்டிய கான்கிரீட்டால் தாங்கி நிறுத்தினார். கிடந்த கல்லை நிறுத்துவது மீட்டமைப்பு அன்று. சடங்கு நடந்த ஒரு முற்றத்துக்குப் புது முகம் வைப்பது.

டப்ளின்வாசி எழுதியது:
நான்கு முறை அந்த மேட்டின் முன் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். ‘கிடந்தது, கிடந்தது’ என்று சொல்பவர், அது எங்கே, எப்படிக் கிடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். மேட்டிலிருந்து சரிந்த கற்குவியலுக்கு அடியில், பழைய நிலப்பரப்பை ஒட்டி, மேட்டின் அடியைச் சுற்றி நிறுத்திய ஓரக்கற்களிலிருந்து 6, 7 மீட்டர் வெளியே வரை அந்த வெள்ளைக் கற்கள் பரவியிருந்தன. முன்னால் நின்ற சுவர் முதலில் விழுந்து, அதன் மேல் மேட்டின் கற்கள் சரிந்தால்தான் இந்த அடுக்கு கிடைக்கும். ஓகெல்லி இதை ஊகத்தில் விடவில்லை. சுவரின் ஒரு பகுதியைக் கட்டி, அதைச் சரியவிட்டு, விழுந்த விதத்தை அகழ்குழியில் கண்டதோடு ஒப்பிட்டார். வீட்டில் உட்கார்ந்து படம் பார்ப்பவர்களுக்கு இந்தப் பொறுமை வாய்க்காது.

கரைமேட்டான் எழுதியது:
நான்கு முறை நின்றதால் சுவரும் நின்றதாகிவிடுமா? அடியில் இருப்பது முதலில் விழுந்ததாக இருக்கலாம் என்றால், முதலில் பரப்பியதாகவும் இருக்கலாம். அதே ஆற்று வளைவில், அதே 1962ஆம் ஆண்டில், நௌத் மேட்டில் அகழாய்வைத் தொடங்கிய ஜார்ஜ் ஓகன், அங்கே நுழைவாயில்களின் முன் கண்ட அதே வெள்ளைக் கற்களைத் தரையில் பாவிய தளமாகக் கொண்டார். இன்றும் அவை தரையில்தான் கிடக்கின்றன. ஒரே மக்கள், ஒரே கல், ஒரே காலம். ஒரு மேட்டில் தளம், இன்னொன்றில் மதிலா? விக்லோ மலையிலிருந்து வெள்ளைக் கல்லையும் வடக்கேயிருந்து உருண்டைக் கருங்கல்லையும் அவ்வளவு தொலைவு சுமந்து வந்தவர்கள், வருகிறவர்கள் காலடியில் விரித்து வைக்கவே கொண்டுவந்தார்கள். கிடந்தது.

அகழ்குழி எழுதியது:
இருவருக்கும் ஒரு விண்ணப்பம். ‘மீட்டமைப்பு’ என்ற சொல்லால் என்ன கருதுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது. இந்த அகழாய்வு நடந்துகொண்டிருந்தபோதே, பழஞ்சின்னங்களைப் பேணுவதற்கான நெறிகளாக 1964இல் எழுதப்பட்ட வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது. அந்த அளவுகோலை ஏற்றுக்கொண்டு பேசலாமா?

டப்ளின்வாசி எழுதியது:
சாசனம் இருக்கட்டும். கரைமேட்டான் இதே அரங்கில், ஸ்டோன்ஹெஞ்ச் பற்றிய இழையில், 1958இல் அங்கே விழுந்து கிடந்த கற்களை நிமிர்த்தி கான்கிரீட் அடித்தளத்தில் நிறுத்தியதை மூன்று பக்கத்துக்குப் பாராட்டி எழுதியவர். இங்கிலாந்துக்காரர் ஊற்றினால் பன்னீர், அயர்லாந்துக்காரர் ஊற்றினால் சாக்கடையா?

கரைமேட்டான் எழுதியது:
பழைய கணக்கைத் தீர்க்க வந்தவர் கணக்கைச் சரியாகவாவது எழுத வேண்டும். ஸ்டோன்ஹெஞ்சில் 1958இல் நிமிர்த்திய மூன்று கற்கள் 1797இல் விழுந்தவை. விழுந்த ஆண்டு தெரியும், நின்ற குழி தெரியும், விழுவதற்கு முன் நின்ற கோலத்தை வரைந்த படங்களும் உண்டு. நியூகிரேஞ்சின் சுவர் நின்றதைப் பார்த்தவர் யார்? 1699இல் சாலைக்குக் கல் எடுக்கப் போய் நுழைவாயிலைக் கண்ட காலத்திலேயே அது மரமும் புல்லும் மூடிய மேடுதான். சுமார் 2 லட்சம் டன் என்று மதிப்பிடப்படும் கல்லும் மண்ணும் பின்னாலிருந்து தள்ளும்போது, காரையில்லாமல் அடுக்கிய ஒரு செங்குத்துச் சுவர் எப்படித் தாக்குப்பிடித்திருக்கும்? ஓகெல்லிக்கே கான்கிரீட் தேவைப்பட்டது. கற்காலத்தாரிடம் கான்கிரீட் கிடையாது. ஆகவே கிடந்தது.

சொல்லேருழவன் எழுதியது:
பொருளில் தலையிடவில்லை. ஆனால் ‘வெங்கச்சங்கல்’ என்பது பேச்சுவழக்கு. ஆய்வுப் பேச்சில் ‘படிகக்கல்’ என்றே எழுத வேண்டும்.

கரைமேட்டான் எழுதியது:
சிறு வயதில் இரண்டு வெங்கச்சங்கல்லை உரசிப் பொறி பறக்கவிட்டவனுக்கு அந்தக் கல்லின் பெயரைச் சொல்லித்தர வேண்டியதில்லை. படிகம் என்றால் படிப்பவர் கண்ணாடி மணியை நினைப்பார். எப்பெயரிட்டாலும் அது தரையில் கிடந்தது.

டப்ளின்வாசி எழுதியது:
‘தாக்குப்பிடித்திருக்காது’ என்பதைத்தானே நானும் சொல்கிறேன்? தாக்குப்பிடிக்கவில்லை, விழுந்தது. விழுந்ததை ஓகெல்லி கண்டெடுத்தார். உங்கள் வாதமே என் பக்கம் வந்து நிற்கிறது.

கரைமேட்டான் எழுதியது:
சொல் விளையாட்டு. பார்த்தவர்களே சிரித்தார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன். பிரெஞ்சுத் தொல்லியலாளர் ஜியோ, கறுத்த உருண்டைக் கற்கள் ஆங்காங்கே பதிந்த அந்த வெள்ளைச் சுவரை, உலர்திராட்சை தூவிய பாலாடைக்கட்டிக் கேக்கோடு ஒப்பிட்டார்.

டப்ளின்வாசி எழுதியது:
அதே ஜியோதான் பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் பார்னனேஸ் என்ற கற்கால மேட்டை அகழ்ந்து, அதன் காரையில்லாச் சுவர்களைச் சீரமைத்தவர். அடுத்த வீட்டுக் கேக்கைக் கேலி செய்வது எளிது.

அகழ்குழி எழுதியது:
பார்னனேஸில் சுவர்களின் கீழ்வரிசைகள் நின்ற நிலையிலேயே கிடைத்தன. நியூகிரேஞ்சில் ஓரக்கற்களுக்கு மேல் வெள்ளைச் சுவரின் ஒரு வரிசைகூட நின்ற நிலையில் கிடைக்கவில்லை. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. மற்றொன்று: நுழைவாயிலின் இருபுறமும் உள்வளைந்து செல்லும் கறுத்த கற்சுவர்களைப் பற்றி இங்கே எவரும் பேசவில்லை. அவை பழையவை அல்ல. பார்வையாளர் உள்ளே போக வழி வேண்டுமென்று அமைக்கப்பட்டவை. கட்டியவர்கள் சுருள்கள் செதுக்கிய அந்த நுழைவுக்கல்லின் மேல் ஏறித்தான் உள்ளே போயிருக்க வேண்டும். என் பார்வையில், சடங்கு வெளியை மிகுதியாக மாற்றியது வெள்ளைச் சுவர் அன்று, இந்த வளைவுதான். தடையாக இருந்த கல் இப்போது காட்சிப் பொருளாகிவிட்டது.

டப்ளின்வாசி எழுதியது:
புதியதைக் கறுப்பில் கட்டி, புதியது என்று தெரியும்படி விட்டார். அது நேர்மை.

கரைமேட்டான் எழுதியது:
அப்படியானால் வெள்ளைச் சுவரிலும் ஒரு கறுப்புக் கோடு இழுத்திருக்கலாமே. அந்த நேர்மை நுழைவாயிலோடு ஏன் நின்றுவிட்டது? கிடந்த கல் நிமிர்ந்ததும் அதற்கு 5,200 வயது வந்துவிட்டது. பயணப்பித்தன் அதற்குப் படக்குறிப்பும் எழுதிவிட்டார்.

பயணப்பித்தன் எழுதியது:
ஒரு வரிப் படக்குறிப்புக்கு இவ்வளவு அடியா? உள்ளறையில் நின்றபோது, 19 மீட்டர் நடைவழியில் ஒளி ஊர்ந்து வந்து காலடியில் விழுந்ததைக் கண்ட எனக்கு அது பழையதாகவே தோன்றியது. அதை எழுதினேன்.

கரைமேட்டான் எழுதியது:
நீங்கள் போனது ஜூலை மாதம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கண்டது மின்விளக்கு. சூரியன் வருவது டிசம்பர் 21ஐ ஒட்டிய சில காலைகளில் மட்டும்; அதற்கு உள்ளே நிற்கக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும்.

டப்ளின்வாசி எழுதியது:
குலுக்கலைப் பற்றிப் பேசுகிறவர் ஒன்றை மறக்கிறார். 1967 டிசம்பர் 21 காலையில் அந்த ஒளியை உள்ளே நின்று கண்டு பதிவு செய்தவர் அதே ஓகெல்லிதான். ஒளியில் நம்பத் தகுந்தவர் கல்லில் மட்டும் பொய்யரா?

கரைமேட்டான் எழுதியது:
பொய்யர் என்று நான் எங்கே எழுதினேன்? மேற்கோள் காட்டுங்கள். நுழைவாயிலுக்கு மேலே ஒளி நுழையும் திறப்பான கூரைப்பெட்டியின் செதுக்கிய விட்டக்கல் அகழாய்வுக்கு முன்பே வெளியே தெரிந்தது. இன்று ஒளி சூரியன் எழுந்து சுமார் 4 நிமிடம் கழித்து நுழைகிறது, கட்டிய காலத்தில் எழுந்தவுடனே நுழைந்திருக்கும் என்று கணக்கிட்டும் காட்டிவிட்டார்கள். அங்கே கணக்கு இருக்கிறது. சுவருக்கு என்ன இருக்கிறது? சரியவிட்டுப் பார்த்த ஒரு சோதனை. சரிந்தால் இப்படிக் கிடக்கும் என்று அது காட்டும். கிடந்ததெல்லாம் சரிந்தது என்று காட்டாது.

அகழ்குழி எழுதியது:
இந்த ஒரு வாக்கியத்தை முதல் பதிவிலேயே எழுதியிருக்கலாம். மீட்டமைப்பின் வரையறையை இன்னும் எவரும் தொடவில்லை.

மட்டுறுத்துநர்:
சொல்லேருழவன், கரைமேட்டான் இருவரும் கல்லின் பெயர் குறித்துத் தனியிழையில் தொடரவும்.

சொல்லேருழவன் எழுதியது:
நான் ஒரு முறைதான் எழுதினேன். அவர் பதினான்கு முறை ‘கிடந்தது’ என்று எழுதியிருக்கிறார்.

டப்ளின்வாசி எழுதியது:
டிசம்பரில் ஐந்தாம் முறையாகப் போகிறேன். சுவரின் முன் நின்று படம் எடுத்து இங்கேயே இடுவேன். நிற்கிறதா என்று கரைமேட்டான் பார்த்துச் சொல்லட்டும்.

கரைமேட்டான் எழுதியது:
நிற்கும். பின்னால் இருக்கும் கான்கிரீட்டையும் சேர்த்துப் படம் எடுங்கள்.