பிள்ளையார் கோயில் தெரு குழு, பென்னாகரம்

சனி, காலை 10:42

மாடி வீட்டு அக்கா: எல்லாரும் போட்டோவைப் பாருங்கள். இடது டம்ளர் நம் தெருக் குழாய்த் தண்ணீர். வலது டம்ளர், சுத்திகரிப்பு மெஷின் விற்க வந்தவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர், அதாவது அந்த மெஷினில் வடிகட்டியது. இரண்டிலும் கரன்ட் கம்பியை விட்டு இரண்டே நிமிடம், நம்முடையது சாக்கடை மாதிரி ஆகிவிட்டது!

பால்காரர் வீட்டுத் தம்பி: ஐயய்யோ, காலையில் ஒரு சொம்பு குடித்தேனே அக்கா.

மாவு மில் அண்ணன்: பிளீச்சிங் வாடை வேறு. நான் எப்போதோ சொன்னேன், நம் போர் தண்ணீர்தான் சுத்தம். கண்ணாடி மாதிரி இருக்கும்.

மாடி வீட்டு அக்கா: ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். ஆள் இங்கேதான் இருக்கிறார். யாருக்காவது வேண்டுமா?

கெமிஸ்ட்ரி சார்: அவரைப் போக விடாதீர்கள் அம்மா. ஒரு காபி கொடுங்கள். அப்புறம் அந்த ஆர்ஓ தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, மறுபடியும் கம்பியை விடச் சொல்லுங்கள்.

மாடி வீட்டு அக்கா: எதற்கு சார்?

கெமிஸ்ட்ரி சார்: செய்துவிட்டுச் சொல்லுங்கள்.

10:58

மாடி வீட்டு அக்கா: சார்!! அதுவும் பழுப்பாகிவிட்டது. நம்முடையதைவிட மோசம். வோல்டேஜ் சரியில்லை என்கிறார்.

கெமிஸ்ட்ரி சார்: வோல்டேஜ் எல்லாம் சரிதான். அந்தக் கம்பிகளில் இரும்பு இருக்கிறது. கரன்ட் பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாக வெளியே வரும். தண்ணீரில் உப்பு இருந்தால்தான் கரன்ட் நன்றாகப் பாயும். ஆர்ஓவில் உப்பு மிகக் குறைவு, அதனால் சும்மா இருந்தது. நீங்கள் பார்த்தது அவர் கம்பியின் துரு.

மாவு மில் அண்ணன்: அப்போ போர் தண்ணீர் பற்றி நான் சொன்னது சரிதானே?

கெமிஸ்ட்ரி சார்: எனக்குப் பயமே அதில்தான் அண்ணே. நம் பக்கத்துப் பாறையில் இருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் இறங்குகிறது. நிறமும் இல்லை, வாடையும் இல்லை. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. 2013இல் ஒகேனக்கல் ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்ததே இதற்காகத்தானே. ஃபுளோரைடு கூடினால் பல்லில் கறை படியும், நம் வயதுக்காரர்கள் பல்லைப் பாருங்கள்.

மாவு மில் அண்ணன்: என் பல்லைச் சொல்கிறீர்கள். பெண் பார்க்கப் போனபோது வெற்றிலைக் கறை என்று சொல்லித்தான் சமாளித்தோம்.

கோடி வீட்டு அம்மா: காய்ச்சிக் குடித்தால் போய்விடாதா தம்பி?

கெமிஸ்ட்ரி சார்: கிருமி சாகும் அம்மா. ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாக ஆக, மிச்சத்தில் அது இன்னும் கூடும். லேசான பிளீச்சிங் வாடைக்குப் பயப்படாதீர்கள். குளோரின் கடைசி வீட்டுக் குழாய் வரை கொஞ்சம் மிஞ்ச வேண்டும்.

பால்காரர் வீட்டுத் தம்பி: சார், போன வாரம் நான்கு நாள் ஆற்றுத் தண்ணீர் வரவில்லையே. தெரு டேங்கில் எதை ஏற்றினார்கள்?

மாடி வீட்டு அக்கா: போர் தண்ணீர். மோட்டார் ஓடியதை நானே பார்த்தேன்.

கெமிஸ்ட்ரி சார்: இது நல்ல கேள்வி. திங்கட்கிழமை தர்மபுரியில் குடிநீர் வாரிய ஆய்வகத்துக்குப் போகிறேன். டேங்கை நிரப்பும் அந்த போரில் ஒரு பாட்டில் பிடித்து வை தம்பி. கண்ணாடி வேண்டாம், பிளாஸ்டிக். அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டுப் பிடி.

மாடி வீட்டு அக்கா: அட்வான்ஸ் திரும்பி வந்துவிட்டது சார். மனிதர் காபியைத் தொடவே இல்லை. குழாய்த் தண்ணீரில் போட்டது என்று சொல்லிவிட்டேன்.

11:31

மாவு மில் அண்ணன்: சார், என் வீட்டு போரிலும் ஒரு பாட்டில் தருகிறேன். பேரன் அதைத்தான் குடிக்கிறான்.