கிணற்றடிக்கு ஒரு மறைப்பு

(சேலையூர் வீட்டுக் குழு. ஜூன் 29, 2025, ஞாயிறு. பெயர்கள் நித்யாவின் கைப்பேசியில் பதிந்துள்ளபடி.)

அம்மா, காலை 6:42
எல்லோருக்கும் வணக்கம். ஆவணி முதல் வாரத்தில் வளைகாப்பு முடிந்ததும் நித்யாவை இங்கே அழைத்து வந்துவிடுவோம். பிரசவத்துக்குப் பிறகும் மூன்று மாதமாவது இங்கேதான் இருப்பாள். குழந்தையைக் கிணற்றடியில் கால் நீட்டி உட்கார்ந்துதான் குளிப்பாட்ட வேண்டும். ஆனால் பக்கத்து அடுக்குமாடியில் ஆட்கள் குடிவந்ததிலிருந்து மூன்று மாடிப் பால்கனிகளும் துவைக்கும் கல்லை நேராகப் பார்த்தபடி இருக்கின்றன. நான் இப்போதெல்லாம் விடியற்காலை 4:30 மணிக்கே விளக்குப் போடாமல் துணி துவைத்து முடித்துவிடுகிறேன். பச்சை உடம்புக்காரியை அப்படி இருட்டில் எழுந்திருக்கச் சொல்ல முடியாது. கையில் ஏழு வாரம்தான் இருக்கிறது. என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

விசாலம் அத்தை, 6:50
அப்பா வைத்த மாமரம் அங்கே நின்றிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

அண்ணன், 6:58
அத்தை, அந்தப் பேச்சு இப்போது வேண்டாம். அம்மா, மதிலை ஒட்டி வரிசையாகக் கொனொகார்பஸ் வைத்துவிடலாம். எங்கள் அலுவலக வளாகத்தில் இரண்டே ஆண்டில் சுவர் போல அடர்ந்துவிட்டது.

பெரியப்பா, 7:25
கார்த்திக், அந்தச் செடி மட்டும் வேண்டவே வேண்டாம். 2023இல் குஜராத் அரசு அதைத் தடை செய்தது. இந்த ஆண்டு ஜனவரியில் நம் தமிழக அரசும் தடை செய்துவிட்டது. அதன் வேர் நீரைத் தேடி நெடுந்தூரம் ஓடிக் குழாய்களையும் தொட்டிகளையும் உடைக்கும். அது பூக்கும் காலத்தில் பறக்கும் மகரந்தம் சிலருக்கு மூச்சுத் தொல்லையைக் கொடுக்கும். மதிலிலிருந்து ஆறடியில் நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதற்கடுத்து மழைநீர்க் குழி இருக்கிறது. கைக்குழந்தை வரப்போகும் வீட்டில் அதை வைக்கும் எண்ணத்தை விட்டுவிடு.

அண்ணன், 7:27
தடை விவரம் தெரியாது பெரியப்பா. விட்டுவிட்டேன்.

அப்பா, 7:40
செடியும் வேண்டாம், கொடியும் வேண்டாம். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் பால்கனிக்குத் தாமாகவே தடுப்பு வைத்துக்கொள்வார்கள்.

பெரியப்பா, 8:05
ராமநாதா, உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதில் பலன் இருக்காது. பக்கத்து நிலத்தின்மேல் ஒருவருக்கு உள்ள உரிமைகளைச் சொல்லும் 1882ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்ததே அன்றைய சென்னை மாகாணத்திலும் மத்திய மாகாணங்களிலும் குடகிலும்தான். அதன் 18ஆம் பிரிவு, பக்கத்து வீட்டின் அந்தரங்கம் கெடும்படி புதிய சன்னல் திறக்கக் கூடாது என்ற வழக்கம் ஓர் ஊரில் நிலவினால், அந்த வழக்கமே உரிமையாகும் என்று எடுத்துக்காட்டோடு சொல்கிறது. அப்படியொரு வழக்கம் சேலையூரில் உண்டு என்று நீ எதைக் காட்டி நிரூபிப்பாய்? அங்கே குடியிருப்பவர்களும் கடன் வாங்கி வீடு வாங்கியவர்கள்தாம்.

அம்மா, 8:12
அத்தான் சொல்வது சரி. இரண்டாம் மாடியில் இருக்கும் அந்தப் பெண் பால்கனிக் கம்பியில் தன்னுடைய பழைய நீலப் புடவை ஒன்றைக் குறுக்கே கட்டியிருக்கிறாள். நான் கொல்லைக்கு வருவதைப் பார்த்தால் காபித் தம்ளரோடு உள்ளே போய்விடுகிறாள். என்னைப் போலவே அவளும் கூசுகிறாள்.

விசாலம் அத்தை, 8:15
நெட்டிலிங்கம் வைக்கலாமே. அது பக்கவாட்டில் பரவாது.

பெரியப்பா, 8:50
விசாலம், நெட்டிலிங்கம் நல்ல மரம்தான். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். படவரைவாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் எனக்கு இந்தப் பழக்கம் போகவில்லை. துவைக்கும் கல் மதிலிலிருந்து 10 அடி உள்ளே இருக்கிறது. பால்கனி மதிலுக்கு அந்தப் பக்கம் 5 அடியில் இருக்கிறது. இரண்டாம் மாடியில் நிற்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 25 அடி உயரத்தில் இருக்கும். கல்லருகே நிற்பவரின் தலை 5 அடி உயரத்தில் இருக்கும். இந்த இரண்டுக்கும் ஒரு கயிறு கட்டினால் அது மதிலைக் கடக்கும் இடத்தில் 18 அடி உயரத்தில் போகும். மூன்றாம் மாடிக்குக் கட்டினால் 25 அடி. ஆகவே மதிலோரத்து மரம் மூன்று மாடி உயரம் வளர்ந்தால்தான் மறைக்கும். அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் நம் தெருவில் எத்தனை மரங்கள் சாய்ந்தன என்பதை நீங்களே கண்ணால் பார்த்தீர்கள். 10 அடி இடுக்கில் அவ்வளவு உயர மரங்களை வரிசையாக நிறுத்த என் மனம் ஒப்பவில்லை.

அதே கயிற்றைக் கல்லுக்கு அருகில் பாருங்கள். முதல் மாடியிலிருந்து வரும் பார்வைதான் மிகவும் தாழ்வாக, படுத்தாற்போல் வருவது. அதுகூடக் கல்லின்மேல் உட்கார்ந்திருப்பவரை எட்டும் முன், மதில் பக்கம் 7 அடி தள்ளி, 8 அடி உயரத்தைக் கடந்துதான் வர வேண்டும். எனவே கல்லிலிருந்து மதில் பக்கமாக 8 அடி நீட்டி, 8 அடி உயரத்தில் ஒரு பந்தல் போட்டால் மூன்று மாடிகளின் பார்வையும் அதிலேயே நின்றுவிடும். மேலிருந்து பார்ப்பவருக்கு மேலே கூரை போட வேண்டும். சுவரை உயர்த்துவது வீண் செலவு.

அண்ணன், 8:53
பெரியப்பா, இது எனக்குத் தோன்றவே இல்லை.

நான், 8:55
பந்தல் என்றால் எனக்கும் மிகவும் பிடிக்கும். பாட்டி காலத்து அவரைப் பந்தல் அங்கேதானே இருந்தது?

விசாலம் அத்தை, 8:57
அங்கேயேதான். உன் அப்பா அதன் கீழே உட்கார்ந்துதான் பத்தாம் வகுப்புக்குப் படித்தான்.

அம்மா, 9:04
பந்தலில் எதை ஏற்றுவது? ஏழு வாரத்தில் எது மூடும்?

பெரியப்பா, 9:30
ஆடிப்பட்டம் தொடங்கவிருக்கிறது. இந்த வாரமே பீர்க்கும் சுரையும் ஊன்றினால் ஆவணி வாக்கில் பந்தலில் பெரும்பகுதி பச்சையாகிவிடும். ஆனால் அவை ஒரு பருவத்துக் கொடிகள், மார்கழிக்குள் காய்ந்துவிடும். ஆகவே அதே நாளில் நான்கு மூலைகளிலும் முல்லையோ ரங்கூன் மல்லியோ நட்டுவிடுங்கள். அவை மெதுவாக ஏறி நிலைத்து நிற்கும். கொடி ஏறும்வரை மேலே 75 சதவீத நிழல் வலையைக் கட்டலாம். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் வலையை முதலில் அவிழ்த்துவிட வேண்டும். காற்று அதைக் கப்பல் பாயைப் போலப் பிடித்துக் கம்பங்களோடு பிடுங்கிவிடும். கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்துபவர்களுக்கு மறைவாக மதிலோரம் மருதாணி வேலி போதும். கிணற்றில் இலை விழாமல் கம்பி வலை போட்டுவிடுங்கள்.

அம்மா, 9:41
பந்தல் வெயிலை மறைத்துவிட்டால் குழந்தையின் துணியை எங்கே உலர்த்துவது? மாடியில் துணிக்கொடி கட்டினால் மூன்றாம் மாடிக்காரர்களுக்கு நேராக இருக்கும்.

விசாலம் அத்தை, 9:43
துணிதானே, அதை யார் பார்த்தால் என்ன?

அம்மா, 9:44
அண்ணி, எனக்கு மனம் கேட்கவில்லை.

அண்ணன், 9:50
மதிலோரம் இருக்கும் முருங்கையே ஓரளவுக்கு மறைக்கிறதே. அதை அப்படியே விட்டு, பந்தலைச் சிறியதாகப் போடலாமா?

பெரியப்பா, 9:58
முருங்கை இலை சல்லடை போன்றது, அது மறைக்காது. மழைக்காலத்தில் அதன் தண்டில் கம்பளிப்பூச்சிகள் அப்பிக்கொண்டு கிடக்கும். அதன் ரோமம் பட்டாலே பெரியவர்களுக்குத் தடிக்கிறது. குழந்தை பிறப்பதோ ஐப்பசியில். அதை வெட்டிவிடுவதே நல்லது என்பேன்.

அம்மா, 10:01
மாமியார் கையால் ஊன்றிய போத்து அது.

சித்தப்பா, 10:32
காலையிலிருந்து எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தப் பாதி மனையை விற்றவன் நான். அதை வாங்கியவர் அடுக்குமாடி கட்டுவார் என்று தெரிந்துதான் விற்றேன். அன்று மருத்துவமனைக்குக் கட்ட வேறு வழி இல்லை. மாமரத்தை வெட்டிய அன்று நான் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. அண்ணி, சவுக்குக் கம்பம் போட்டால் மழையில் மக்கிவிடும், ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) வைத்து நிரந்தரமாகவே போட்டுவிடலாம். செலவு முழுவதும் என்னுடையது. மறுக்க வேண்டாம். புதன்கிழமை கொத்தனாரையும் அளவு டேப்பையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

நான், 10:35
சித்தப்பா, நீங்கள் வந்தால் போதும்.

விசாலம் அத்தை, 10:36
மாமரத்தைப் பற்றி நான் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே கணேசா.

அம்மா, 10:40
செலவைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம், தம்பி. புதன்கிழமையா வியாழக்கிழமையா என்று அவரைக் கேட்டுச் சொல்கிறேன்.

பெரியப்பா, 10:44
கம்பத்துக்கான குழி 2 அடி ஆழம் இருக்கட்டும். மழைநீர்க் குழியின் மேல் கம்பம் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணன், 11:02
இரண்டாம் மாடிப் பெண்ணுக்கும் இரண்டு தொட்டி முல்லை வாங்கிக் கொடுக்கலாமா அம்மா? அவர்களும் புடவையை அவிழ்த்துவிடலாம்.

அம்மா, 11:05
நல்ல யோசனை. நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அப்பா, 12:20
அளவு டேப் வீட்டிலேயே இருக்கிறது. கணேசன் கொண்டு வர வேண்டியதில்லை.

அம்மா, 12:31
முருங்கையைப் பற்றி இன்னும் ஒருவரும் முடிவு சொல்லவில்லை.